மாப்பிள்ளைக்கு நீயே படித்துச் சொல்

ஆரணி

அன்பு மகள் இனியாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்பால் சுகமாகவே இருக்கிறோம். நீ சுகமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும், எனக்கு அதை எழுதக் கை வரவில்லை. போனில் அனுப்பினால் திறக்காமலே விட்டுவிடுவாய் என்று தபாலில் போடுகிறேன், கனடாவுக்கு வந்து சேர நாளாகும் என்றார்கள், ஆகட்டும்.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. அப்பா நனைந்துகொண்டேதான் களம்பூர் ரைஸ் மில்லுக்குப் போய் வருகிறார். வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றும் முன்பே "புள்ள பேசிச்சா?" என்கிறார். இல்லை என்றே தலையாட்டுகிறேன். போன வெள்ளிக்கிழமை படவேடு போய் ரேணுகாம்பாளைக் கும்பிட்டு வந்தார், என்ன வேண்டிக்கொண்டீர்கள் என்று கேட்டேன். "இனிமே இன்னா கேக்கறது, அது எழுந்து ஒரு வாய் சாப்ட்டா போதும்னு சொல்லிட்டு வந்தேன்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் வழக்கம்போலப் பட்டுப் புடவைக் கடைக்குப் போகிறேன், மடிப்பதும் விரித்துக் காட்டுவதும் மறுபடி மடிப்பதுமாகப் பொழுது போகிறது. இங்கிலீஷ் பேப்பர் படிப்பதை மட்டும் நிறுத்திவிட்டேன். முதலாளி லோகநாதன் இன்னும் எனக்காக எடுத்துவைக்கிறார், நான்தான் வாங்காமல் வந்துவிடுகிறேன்.

அந்த இங்கிலீஷை எதற்குப் படிக்க ஆரம்பித்தேன் என்று உனக்குத் தெரியும். மாப்பிள்ளை கிரண் புனேக்காரர், அவருக்குத் தமிழ் வராது, எனக்கு அவர் பாஷை எதுவும் வராது, உனக்குக் கல்யாணமான புதிதில் போனை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் சும்மா சிரித்துக்கொண்டிருப்போம். நீதான் வழி சொன்னாய், "பேப்பர்ல தெனம் ஒரு சின்ன நியூஸ் எடுத்து தமிழ்ல எழுதி அனுப்பும்மா, நான் திருத்தறேன்" என்று. அமைச்சர் அடிக்கல் நாட்டினார் என்ற செய்தியில் லெய்ட் என்று இருந்ததைப் பார்த்து, அமைச்சர் கல்லைப் படுக்க வைத்தார் என்று நான் எழுதி அனுப்பியதற்கு நீ விழுந்து விழுந்து சிரித்தாய், பக்கத்தில் மாப்பிள்ளையும் சிரித்தது கேட்டது. நீ முழுகாமல் இருக்கிறாய் என்று தெரிந்த பிறகு எனக்கு வேகம் கூடிவிட்டது, பேரப்பிள்ளை இங்கிலீஷில் ஏதாவது கேட்டால் இந்த ஆயா முழிக்கக் கூடாதே என்று மழைச் செய்தி, கோர்ட்டுச் செய்தி, விபத்துச் செய்தி ஒன்றையும் விடாமல் எழுதிப் பார்த்தேன்.

அன்றைக்கு மாப்பிள்ளை போன் செய்தபோது நான் கடையில் இருந்தேன். உன்னை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்திருந்தார்கள், பேசும் நிலையில் நீ இல்லை, அதனால்தான் அவர் செய்தார். "அம்மா, வீ லாஸ்ட் த பேபி" என்றார். லாஸ்ட் என்ற வார்த்தையை எத்தனை தடவை எழுதியிருக்கிறேன், மேட்சில் தோற்றார்கள், எலெக்‌ஷனில் தோற்றார், பஸ்ஸில் பையைத் தொலைத்தார் என்று. ஒவ்வொரு தடவையும் எந்த அர்த்தம் என்று உன்னிடம் கேட்பேன். அன்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. இங்கிலீஷில் ஒருவர் பேசியது ஒரு சொல் விடாமல் எனக்குப் புரிந்தது அதுதான் முதல் முறை, அது இந்தச் செய்தியாகவா இருக்க வேண்டும்.

பதில் சொல்ல இங்கிலீஷில் வார்த்தை தேடினேன். இத்தனை நாள் படித்த பேப்பரில் செத்தவர் கணக்கு இருந்தது, காயம்பட்டவர் கணக்கு இருந்தது, அழுகிற பிள்ளையைத் தேற்ற ஒரு வார்த்தை இல்லை. தலைவர்கள் தெரிவிக்கும் இரங்கல்தான் ஞாபகம் வந்தது, அதை எப்படி மாப்பிள்ளையிடம் சொல்வது. கடைசியில் தமிழில்தான் சொன்னேன், "அழாதடா கண்ணு, நான் கீறேன், நீ அவளப் பாத்துக்கோ" என்று. எப்போதும் நீங்க வாங்க என்றே பேசியவள் அன்று டா போட்டுவிட்டேன். அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது, ஆனாலும் போனை வைக்காமல் அழுதுகொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்தான் கூப்பிடுகிறார். எனக்குப் புரிய வேண்டுமென்று நிறுத்தி நிறுத்திப் பேசுகிறார். நீ அவரோடும் பேசுவதில்லை, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்கிறாய் என்றார். குறையாகச் சொல்லவில்லை இனியா, பயந்து சொல்கிறார். அவரும் பிள்ளையைப் பறிகொடுத்தவர்தான், அவருக்கும் அழ ஒரு இடம் வேண்டும். விசா கிடைத்தால் நான் ஓடி வந்துவிடுவேன், அது எப்போது வருமோ தெரியவில்லை. அதுவரை வெறும் வயிற்றில் காபி குடிக்காதே, குளிரில் ஈரத் தலையோடு நிற்காதே, பச்சை உடம்பு அது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இந்தக் கடிதத்தை மாப்பிள்ளைக்கு நீயே இங்கிலீஷில் படித்துச் சொல். எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில் நானே அவருக்கு எழுதலாம், வேண்டுமென்றேதான் எழுதவில்லை. பக்கத்தில் உட்காரச் சொல்லி ஒவ்வொரு வரியாகச் சொல், அழுகை வந்தால் அழு, அவர் காத்திருப்பார். எனக்குப் பெற்ற வயிறு எரிகிறது, அதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. நீயும் பெற்றவள், உனக்குத் தெரியும், நீ சொல்.

நீங்கள் இருவரும் ஒருவருக்கு ஒருவர் துணையாக நல்லபடி இருக்க வேண்டும். அப்பாவின் ஆசீர்வாதமும் இதோடு. ஒரு நாள், எப்போதாவது, அப்பாவுக்கு ஒரு போன் செய், ஒன்றும் பேசாவிட்டாலும் பரவாயில்லை.

உன் அம்மா,
அபிதகுசாம்பாள்