எதிர்பார்க்காமல் கடன் கொடுப்பது எப்படி

மார்ச் 2
புதுச் சாமியார் எனக்குப் பாவமன்னிப்பு தர மறுத்துவிட்டார். பத்தொன்பது வருஷமாகக் கோபம், பொய், பூசைக்குத் தாமதம் என்று மூன்றே பாவத்தைச் சொல்லிக்கொண்டு வருகிறேன். பழைய சாமியார் ஒன்றும் கேட்கமாட்டார். இவர், "என்ன தொழில் பண்றீங்க?" என்றார். வட்டிக்குக் கொடுக்கிறேன் என்றேன். "எவ்வளவு வட்டி?" சரி, கடன் கேட்கத்தான் அடிபோடுகிறார் என்று நினைத்து, "மத்தவங்களுக்கு நாலு, உங்களுக்குன்னா மூணு போட்டுக்கலாம் சாமி" என்று சொல்லித் தொலைத்தேன்.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, "இல்லாதவன் அவசரத்தை விலைக்கு விக்கிறது களவு. நிறுத்துங்க. வாங்குனதைத் திருப்பிக் குடுங்க. அப்புறம் வாங்க" என்றார்.

மே 20 மகளுக்குக் கல்யாணம். மன்னிப்பு இல்லாமல் பூசையில் நற்கருணை அப்பம், நாங்கள் நன்மை என்போமே, அதை வாங்க முடியாது. பெண்ணின் அப்பா மட்டும் நற்கருணை வாங்காமல் முன்வரிசையில் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருந்தால்? உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

மார்ச் 3
மகளிடம் சொன்னேன். "அப்பா, நீங்க என் பக்கத்துல நின்னு நன்மை வாங்கணும். எனக்கு வேற எதுவும் வேணாம்" என்றாள். வேறு எதுவும் வேண்டாமாம். நகைக்கடைக்குப் போன வாரம்தான் முன்பணம் கொடுத்தேன்.

மார்ச் 5
"இனி வட்டி இல்லை" என்று எழுதி வாசலில் ஒட்டினேன். பூட்டுக்கடைக்காரர் மூன்று முறை படித்துவிட்டு உள்ளே வந்து, "அண்ணே, டாக்டர் எத்தனை மாசம்னு சொன்னாரு?" என்றார். மத்தியானத்துக்குள் எனக்கு ஈரல் போய்விட்டது என்று தெரு முழுக்கப் பேச்சு. மனைவியிடம் இரண்டு பேர் துக்கம் விசாரித்தார்கள். அவள் அதில் ஒருத்தியோடு சேர்ந்து அழுதும் இருக்கிறாள். "அவங்க அழுதாங்க, நான் சும்மா இருந்தா நல்லாவா இருக்கும்?" என்கிறாள்.

மார்ச் 11
வட்டி நின்றது. பரிசு வருகிறது. பேக்கரிக்காரர் அசலைக் கொடுத்துவிட்டு ஒரு சுவர்க்கடிகாரத்தையும் வைத்துவிட்டுப் போனார். "வட்டி இல்லண்ணே, அன்புக்கு." அடுத்த தடவை கடன் கிடைக்காமல் போய்விடுமோ என்று எல்லோருக்கும் அன்பு பொங்குகிறது. இதுவரை கடிகாரம் ஆறு, குடை நான்கு, ஃபிளாஸ்க் இரண்டு. ஆறு கடிகாரமும் ஆறு நேரம் காட்டுகின்றன. "வட்டின்னா பெட்டியில வெக்கலாம். இதை உங்க தலையிலயா வெக்க?" என்கிறாள் மனைவி.

மார்ச் 14
சாமியாரிடம் கேட்டேன். தானாக நன்றிக்குக் கொடுத்தால் வாங்கலாமாம். "ஆனா குடுக்கும்போதே இதை மனசுல எதிர்பார்த்திருந்தா, அதுவும் வட்டிதான்."

"மனசுக்குள்ள இருக்கிறதை யாரு சாமி பாக்கப்போறா?"

அவர் மேலே கையைக் காட்டினார். நானும் பார்த்தேன். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

மார்ச் 15
எதிர்பார்க்கவில்லை.

மார்ச் 16
ஒருமுறை எதிர்பார்த்தேன். ஃபிளாஸ்க்.

மார்ச் 19
ஐந்து முறை. எதிர்பார்க்கக்கூடாது என்று நினைக்கும்போதெல்லாம் எதிர்பார்ப்பு வந்து பல்லைக் காட்டுகிறது. இதைவிட நான்கு வட்டிக்கே கொடுத்து நிம்மதியாக நரகத்துக்குப் போயிருக்கலாம்.

மார்ச் 22
வழி கண்டுபிடித்துவிட்டேன். திரும்பி வரவே வராது என்று தெரிந்த இடத்தில் கொடுத்தால் எதிர்பார்ப்பே எழாது அல்லவா? மனைவியின் தம்பியைக் கூப்பிட்டுக் கேட்காமலே ஒரு தொகை கொடுத்தேன். வீட்டில் அவனுக்குப் பெயரே "நாளைக்கு". இருபது வருஷத்தில் தீப்பெட்டி வாங்கினால்கூடத் திருப்பிக் கொடுத்ததில்லை. இன்று மனசு பஞ்சாக இருக்கிறது.

ஏப்ரல் 2
கொடுத்துவிட்டான்! முழுசாக! கூடவே ஒரு கடிகாரம்!

"என்னத்துக்குடா குடுக்கிற? யாரு கேட்டா உன்னை?" என்று கத்தினேன்.

"வட்டி வேணாம்னு குடுத்தீங்களே அத்தான், வெக்கமாப் போச்சு" என்றான், கண் கலங்க. நம்பி ஒரு காரியம் கொடுத்தால் இப்படியா பண்ணுவான் பாவி?

ஏப்ரல் 4
சாமியார் சிரித்து முடிக்கவே நேரமாயிற்று. பிறகு, "சுலபமானதை வெச்சு விளையாடிட்டு இருக்கீங்க. வாங்குனதைத் திருப்பிக் குடுக்கச் சொன்னேனே, அது என்னாச்சு? உங்ககிட்ட ரொம்ப நொந்தது யாரு?" என்றார்.

தெரியாது என்றேன். தெரியும். தையல்காரம்மா. புருஷனின் ஆபரேஷனுக்கு வாங்கினார். அசலைப்போல மூன்று மடங்கு கட்டினார். நடுவில் தவணை நின்றபோது தையல் மெஷினைத் தூக்கிவந்து ஏழு மாதம் என் வீட்டில் வைத்திருந்தேன். அதன்மேல் நாங்கள் டி.வி. வைத்திருந்தோம்.

ஏப்ரல் 6
வாங்கிய வட்டியை உறையில் போட்டு எடுத்துப் போனேன். அழுவார், காலில் விழப் பார்ப்பார், நான் தடுக்கவேண்டியிருக்கும் என்று வழியெல்லாம் ஒத்திகை. அவர் எண்ணிப் பார்த்துவிட்டு, அளவு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார்.

"வட்டி சரியா இருக்குண்ணே. மெஷின் இல்லாத ஏழு மாசம் எனக்குக் கூலி போச்சே, அது?"

கிட்டத்தட்ட இன்னொரு பங்கு! மாதவாரியாக எழுதி வைத்திருக்கிறார்.

"இது வட்டிக்கு வட்டியால்ல இருக்கு! அநியாயம்!" என்று கத்திவிட்டேன். நான்தான் கத்தினேன். தெருவில் ரெண்டு பேர் நின்று கேட்டார்கள்.

ஏப்ரல் 7
சாமியார் அந்த அம்மா பக்கம். "பணத்துக்காகப் பணம் கேட்டா வட்டி. உங்களால பட்ட நட்டத்தைக் கேட்டா நியாயம். குடுத்திருங்க."

எம் பொண்ணு கல்யாணக் காசுய்யா அது! வயிறு எரியுது. நான் என்ன ஊரைக் கொள்ளையடிச்சா சேர்த்தேன்? — இந்தக் கேள்வியை எழுதிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஏப்ரல் 19
தையல்காரம்மாவுக்கு வட்டி ஒரு உறை, ஏழு மாதக் கூலி ஒரு உறை என்று இரண்டையும் கொடுத்தேன். மற்றவர்களுக்கும் கொடுத்தேன். பூட்டுக்கடைக்காரர் தன் பங்கை வாங்கிக்கொண்டு, "இதுக்கு மாசம் எவ்வளவு கட்டணும்ணே?" என்றார். அது உங்கள் பணம்தான் என்று புரியவைக்க அரைநாள் ஆயிற்று. நகைக்கடை முன்பணத்தைத் திரும்ப வாங்கி அதையும் கொடுத்தாயிற்று. மகள் ஒன்றும் சொல்லவில்லை. மனைவி எல்லாம் சொன்னாள்.

மே 12
கல்யாணச் சாப்பாட்டுக்குப் பணம் இல்லை. சமையல்காரர் நாளைக்குள் முன்பணம் கேட்கிறார். இதைப் பற்றி நானும் மனைவியும் கத்திக்கொண்டிருந்தபோது, மகளின் கவுனுக்கு அளவு சரிபார்க்க வந்த தையல்காரம்மா உள்ளே இருந்திருக்கிறார். போகும்போது, "அந்த ரெண்டாவது உறை அப்படியேதான் இருக்கு. சாயங்காலம் கொண்டாரேன். முடியறப்ப குடுங்க" என்றார்.

"வட்டி?" என்று கேட்டுவிட்டேன். வாய்ப்பழக்கம்.

பல்லில் கடித்திருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஊசிமெத்தையில் குத்திவைத்துவிட்டு, நிதானமாகச் சிரித்தார்.

மே 16
மன்னிப்பு கிடைத்தது. வெளியே வந்து சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

மே 20
மகள் பக்கத்தில் நின்று நன்மை வாங்கினேன். அவள் என் கையைக் கிள்ளினாள். சாப்பாடு போதுமானதாக இருந்தது. மச்சினன் மூன்று பந்தியிலும் உட்கார்ந்தான்.

ஜூன் 3
மார்க்கெட்டுக்குப் போகும் வழியில், தூரத்தில் தையல்காரம்மா வந்தார். நான் எதிர்ச்சாரிக்குப் போய்விட்டேன். பணம் கேட்கமாட்டார் என்று தெரியும், ஆனாலும் கால் போய்விட்டது. என்னைக் கண்டதும் இத்தனை வருஷம் எத்தனை பேர் இப்படி அந்தப் பக்கம் போயிருக்கிறார்கள்! நிழலுக்காகப் போகிறார்கள் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாக்கடை ஓரமாகக் குனிந்து செருப்பைச் சரிசெய்வதுபோல் நின்றேன்.

"அண்ணே," என்று அங்கிருந்தே கூப்பிட்டார், "பயப்படாதீங்க, பொண்ணு நல்லா இருக்காளான்னு கேக்கத்தான்!"