முட்டைகள் பொரியும் வரை

ஜூன் 3

ரொட்டிக்காரருக்கு,

புது வேலை கிடைத்த ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டேன். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர், “கூடையில என்னம்மா, பூனைக்குட்டியா?” என்று ஆசையாகக் குனிந்தார். “ஓணான்ங்க, ரெண்டு” என்றேன். மனிதர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கியே போய்விட்டார். அவர் டிக்கெட் எடுத்தது அந்த ஊருக்குத்தானா என்று எனக்கு இன்னும் சந்தேகம். தாடிக்காரனும் மகாராணியும் நலம். புதுக் கண்ணாடித் தொட்டியில், விளக்குக்கு அடியில், கண்ணை மூடிக் கிடக்கிறார்கள்.

மகாராணி இட்ட ஆறு முட்டைகளையும் கொண்டு வந்திருப்பேன். வண்டியில் ஆடிப் புரண்டால் உள்ளே இருக்கும் உயிர் நின்றுவிடும். அதனால் மட்டும்தான் உங்களிடம் விட்டுவிட்டு வந்தேன். இதை வைத்து மனக்கோட்டை கட்ட வேண்டாம்.

சொன்னதையே மறுபடி சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். பின்னறைத் தெர்மாகோல் பெட்டியில் சூடு இருபத்தொன்பது டிகிரியில் நிற்க வேண்டும். கோழிமுட்டை மாதிரி உருட்டிவிடக் கூடாது. நான் வைத்த பென்சில் புள்ளி எப்போதும் மேலே பார்க்க வேண்டும். கரெண்ட் போனால் பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, துணி சுற்றி, முட்டைக்குப் படாமல் ஓரத்தில் வையுங்கள். “லைன்மேன் தங்கச்சியக் கட்டியும் எனக்கு இருட்டுதான்” என்று என் அண்ணனை நீங்கள் திட்டாத நாள் உண்டா? ஏதாவது என்றால் அவரையே கூப்பிடுங்கள்.

எனக்குப் போன் வேண்டாம். போனில் மூன்றாவது வாக்கியத்தில் நீங்கள் கத்துவீர்கள், நான்காவதில் நான் வைத்துவிடுவேன். எழுதுங்கள். காகிதத்தில் கத்த முடியாது.

பொரிந்ததும் நான் வந்து குஞ்சுகளை எடுத்துக்கொள்கிறேன். வக்கீல் கொடுத்த தாள் குளிர்பெட்டி மேல் இருக்கிறது. அன்றைக்கே நீங்களும் கையெழுத்துப் போட்டால் விவாகரத்து வேலையும் முடிந்துவிடும். அதுவரை நல்லபடியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். முட்டைகளைச் சொல்கிறேன்.

உங்கள் (பழக்கதோஷத்தில் எழுதிவிட்டேன், அடித்தால் அசிங்கமாக இருக்கும்)
பல்செட்காரி


ஜூன் 10

அன்புள்ள வாத்தியாரம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. ஓணானுக்கு நலம் விசாரிப்பு, முட்டைக்கு வாத்தியார் மாதிரி உத்தரவு, சாப்பிட்டீர்களா என்று எனக்கு ஒரு வார்த்தை இல்லை. சரி, கட்டினவன் கணக்கிலேயே வரவில்லை.

உன் முட்டைகள் என் உயிரை வாங்குகின்றன. கடையில் மாவு பிசைந்துகொண்டிருப்பேன். தலைக்கு மேலே மின்விசிறி நின்றால் போதும், பிசைந்ததை அப்படியே போட்டுவிடுவேன். மாவுக் கையோடு வீட்டுக்கு ஓடுவேன். “என்ன அண்ணே, வீட்ல யாருக்காவது முடியலையா?” என்று தெருவில் கேட்கிறார்கள். “ஆமா, ஆறு பேருக்கு” என்று சொல்லிவிட்டு ஓட்டத்தை நிறுத்துவதில்லை.

நேற்று பார்த்து காஸ் தீர்ந்துவிட்டது. வெந்நீருக்கு எங்கே போவது? கடை அடுப்பிலிருந்து சூடான செங்கல் ஒன்றைச் சாக்கில் சுற்றி, குழந்தையைத் தூக்குகிற மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தேன். பெட்டிக்குள் வைத்ததும் முள் முப்பத்திரண்டைத் தாண்டிவிட்டது. பயந்துபோய் முறத்தால் விசிறினேன். உனக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட நான் அப்படி விசிறியதில்லை. அப்புறம் இருபத்தேழுக்கு இறங்கியது. அப்புறம் ஏறியது. அதோடு சேர்ந்து நானும் ஏறி இறங்கினேன்.

உட்கார்ந்தால் மனசு எழுந்திருக்கச் சொல்கிறது, எழுந்தால் பின்னறைக்குப் போகச் சொல்கிறது. உன் சத்தம் இல்லாமல் காது அடைத்த மாதிரி இருக்கிறது. குக்கர் மூடியைத் தரையில் போட்டு எடுத்தேன், சும்மா, ஒரு சத்தத்துக்கு.

இப்படிக்கு,
அடைகாக்கும் ரொட்டிக்காரன்


ஜூன் 16

ரொட்டிக்காரருக்கு,

செங்கல்லா! அது என்ன முட்டையா, பன்னா? படித்துவிட்டு எனக்கு இரண்டு நாள் வேலை ஓடவில்லை. முப்பத்திரண்டுக்கு மேலே சிறிது நேரம் நின்றிருந்தாலே ஆறும் போயிருக்கும். காஸ் தீருமுன் புதுச் சிலிண்டர் வாங்கி வைப்பதற்கு இந்த ஜென்மத்தில் பழக மாட்டீர்களா?

மூடியைச் சும்மா சும்மா திறக்காதீர்கள். மூடியின் உள்பக்கம் வியர்த்துத் தண்ணீர் முட்டை மேல் சொட்டினால் அழுகிவிடும். ஒரு பக்கம் சாய்வாக மூடுங்கள், தண்ணீர் ஓரமாக வழிந்துவிடும்.

இங்கே என் மேசை ஜன்னலோரம். காலையில் போனால் தாடைகள் வரிசையாகச் சிரித்தபடி காத்திருக்கும். பழைய இடத்தில் உடைந்த பல்லை ஒட்டும் வேலைதான் கொடுத்தார்கள். இங்கே முழு செட்டும் நானே செய்கிறேன். நான் செய்த முதல் செட்டை மாட்டிக்கொண்ட அம்மாள் கண்ணாடியைப் பார்த்து, “அடேயப்பா, நானா இது!” என்று சிரித்துவிட்டு உடனே அழுதார். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. உங்களிடம் சொல்கிறேன், அவ்வளவுதான்.

கேட்கவில்லை என்று குறை வேறு. சாப்பிட்டீர்களா?

பல்செட்காரி


ஜூலை 5

என் அன்பான வாத்தியாரம்மாவுக்கு,

சாப்பிட்டேன். நேற்றைய பன்தான், ஆனாலும் நீ கேட்டதால் இறங்கியது.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். திட்டாதே. பின்னறை ஜன்னலைப் போர்வையால் மறைத்துவிட்டு டார்ச்சை முட்டையின் ஓரத்தில் பிடித்துப் பார்த்தேன். தொடவில்லை, சத்தியமாகத் தொடவில்லை. உள்ளே சிவப்பு சிவப்பாக நூல் ஓடுகிறது. நடுவில் கறுப்பாக ஒன்று, அது அசைந்தது! அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஆறிலும் பார்த்தேன். ஆறும் இருக்கிறது. இதைத்தானே நீ “ஒரு நிமிஷம் வந்து பாருங்களேன்” என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாய்? எவ்வளவு மடையன் நான்.

இப்போதெல்லாம் கரெண்ட் போனால் எரிச்சல் வருவதில்லை. வெந்நீரோடு போய்ப் பெட்டிப் பக்கத்தில் உட்கார்ந்து கடை வம்பு எல்லாம் சொல்கிறேன். உன்னை மாதிரி குறுக்கே பேசுவதில்லை, நல்ல பிள்ளைகள்.

ஆனால் மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. இவை பொரிந்துவிட்டால் நீ எதற்கு எனக்கு எழுதப் போகிறாய்? நேராகச் சொல். இந்த ஆறும் போய்விட்டால் நம் இரண்டு பேருக்கும் நடுவில் என்ன இருக்கிறது?

உன்,
ரொட்டிக்காரன்


ஜூலை 11

ரொட்டிக்காரருக்கு,

டார்ச் விஷயத்தைப் படித்துவிட்டு எனக்கும் கண் கலங்கிவிட்டது. அது உண்மை, மறைக்கவில்லை.

நேராகக் கேட்டீர்கள், நேராகவே சொல்கிறேன். பொரிந்த பிறகு எழுத மாட்டேன். இனிமேல் வாரம் ஒரு கடிதம் என்று வைத்துக்கொண்டால், பாதி போனவளாகவும் பாதி இருப்பவளாகவும் ஆகிவிடுவேன். அது என்னால் முடியாது.

மாதக் கடைசியில் பொரிந்துவிடும். மேனேஜரிடம் லீவு சொல்லி வைத்திருக்கிறேன். முட்டை மேல் வியர்வை பூத்த மாதிரி நீர் துளிர்த்தால் அதுதான் அறிகுறி. அன்றைக்கு மட்டும் போன் செய்யலாம். “பொரியுது” என்று ஒரு வார்த்தை போதும், கிளம்பிவிடுவேன்.

பல்செட்காரி


ஜூலை 29

அன்புள்ள வாத்தியாரம்மாவுக்கு,

அவசரப்பட்டுக் கிளம்பிவிடாதே. இன்னும் ஒரு அறிகுறியும் இல்லை. இந்தப் பாழாய்ப்போன கரெண்ட்தான் காரணம். தினமும் போகிறது. காலையில் போகிறது, மத்தியானம் போகிறது. நான் கடையில் மாட்டிக்கொள்கிறேன், வருவதற்குள் பெட்டி இருபத்தைந்துக்கு இறங்கிவிடுகிறது. என்ன செய்ய?

பயப்படாதே, ஆறும் உயிரோடுதான் இருக்கிறது, டார்ச் வைத்துப் பார்க்கிறேன். குளிர்ந்தால் கொஞ்சம் மெதுவாக வளரும், அவ்வளவுதானே? மெதுவாக வந்தாலும் வந்துவிடும்தானே? நீ எழுது. உன் ஜன்னலுக்கு வெளியே என்ன தெரிகிறது என்று எழுது. எனக்கு அந்த இடம் கண்ணுக்குள் வரவே மாட்டேன் என்கிறது.

உன்,
ரொட்டிக்காரன்


ஆகஸ்ட் 3

ரொட்டிக்காரருக்கு,

எடுத்த லீவெல்லாம் பையைக் கட்டி வைத்துக்கொண்டு போனைப் பார்த்தே தீர்ந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே ஒரு சைக்கிள் கடை, ஒரு சுவர். போதுமா?

இருபத்தைந்தெல்லாம் ரொம்பக் குறைவு. அண்ணனிடம் சொல்லி ஒரு பேட்டரியாவது வாங்கி மாட்டச் சொல்லுங்கள். எனக்குத் தூக்கமே வருவதில்லை.

பல்செட்காரி


ஆகஸ்ட் 7

என் அன்பான வாத்தியாரம்மாவுக்கு,

மச்சானுக்கு எதற்குத் தொந்தரவு? அவருக்கு ஊரெல்லாம் கம்பம் ஏறவே நேரம் சரியாக இருக்கும். நான் இருக்கிறேன், பார்த்துக்கொள்கிறேன். இன்றைக்கும் கரெண்ட் இல்லை. சைக்கிள் கடையைப் பற்றி எழுதியது நன்றாக இருந்தது. கடைக்காரர் எப்படி, வயசானவரா?

இன்னும் கொஞ்ச நாள்தான். கொஞ்சம் பொறு.

உன்,
ரொட்டிக்காரன்


ஆகஸ்ட் 12

ரொட்டிக்காரருக்கு,

நேற்று மனசு கேட்காமல் நானே அண்ணனுக்குப் போன் செய்தேன். “உன் வீட்டுக்காரர் இப்பெல்லாம் என்னைத் திட்டுறதே இல்லம்மா” என்று சிரித்தார். ஏன் என்றேன். “புது டிரான்ஸ்பார்மர் வச்சாச்சே! ஒரு மாசமா உங்க தெருவுல ஒரு நிமிஷம்கூட கரெண்ட் போகலையே.”

அப்படியானால் தினமும் போகிறதே, அது யார் வீட்டுக் கரெண்ட்?

எனக்குக் காது குத்த வேண்டாம். மாவு பொங்கிவிடாமல் இருக்க, வேண்டிய வரைக்கும் குளிரில் எடுத்து வைப்பீர்கள், எத்தனை வருஷம் பார்த்திருக்கிறேன்! மாவுக்குச் செய்வதை என் முட்டைகளுக்குச் செய்திருக்கிறீர்கள். சுவிட்சை நீங்களே அணைத்திருக்கிறீர்கள். எதற்கு? நான் எழுதுவதற்கு. சைக்கிள் கடைக்காரருக்கு என்ன வயசு என்று நான் சொல்வதற்கு!

உங்கள் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். பிறகு ஏன் எனக்கு இவ்வளவு ஆத்திரம் வருகிறது என்று யோசித்தேன். என்னையும் நீங்கள் இப்படித்தான் வைத்திருந்தீர்கள். இந்த வேலைக்கு என்னை மூன்று வருஷத்துக்கு முன்பே கூப்பிட்டார்கள். புது அடுப்பு வரட்டும், பொறு. மழை நிற்கட்டும், பொறு. கடைக்கு ஆள் கிடைக்கட்டும், பொறு. நீங்கள் அடித்ததில்லை, கேவலமாக நடத்தியதில்லை. ஆசையாகத்தான் வைத்திருந்தீர்கள். சாகாத அளவுக்குச் சூடு, வளராத அளவுக்குக் குளிர். அதில் நான் ரொம்ப நாள் இருந்துவிட்டேன்.

இன்றைக்கே சூட்டை இருபத்தொன்பதுக்குக் கொண்டு வாருங்கள், மெதுவாக. ஏதாவது உயிரோடு வெளியே வந்தால் அண்ணன் வாங்கிக்கொண்டு வருவார். நான் வர மாட்டேன்.

பல்செட்காரி


ஆகஸ்ட் 27

அன்புள்ள வாத்தியாரம்மாவுக்கு,

நீ எழுதியது அத்தனையும் நிஜம். சுவிட்சை நான்தான் அணைத்தேன். ஒரு நாள் மட்டும் என்று ஆரம்பித்தேன். மறுநாள், பொரிந்த பிறகு எழுத மாட்டேன் என்ற உன் கடிதம் வந்தது, உறையில் உன் கையெழுத்தைப் பார்த்தேன், அப்புறம் கை தானாகப் போனது. அணைத்துவிட்டு அந்த அறையில் இருக்கவும் முடியாமல், வெளியே போகவும் முடியாமல், கதவுக்கும் பெட்டிக்கும் நடுவில் நடந்துகொண்டே இருப்பேன். பாவம் என்று தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

உன் கடிதம் வந்த அன்றே சூட்டை ஏற்றினேன். இரண்டு நாள் கடை திறக்கவில்லை. வியாழக்கிழமை முட்டைகள் வியர்த்தன. நீ போன் செய்யச் சொன்ன நாள் அது. போனைக் கையில் எடுத்து, நீ வர மாட்டேன் என்று எழுதியதை நினைத்துக் கீழே வைத்துவிட்டேன். முதலில் ஒரு மூக்கு வந்தது. பிறகு அரைநாள் அப்படியே கிடந்து என்னை முறைத்துப் பார்த்தது. வெளியே வந்ததும் முதல் வேலையாக என் விரலைக் கடித்தது. உன் வளர்ப்புதான், சந்தேகமே இல்லை. ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து வந்துவிட்டன. ஐந்தும் கெட்டி.

ஆறாவது உள்ளிருந்தே முட்டைத் தோலைக் கீறியது. வெளியே வரவில்லை. மறுநாள் திறந்து பார்த்தேன். முழுசாக வளர்ந்திருந்தது, நகம் உட்பட. சரியான நேரத்தில் விட்டிருந்தால் வந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வேறு யார் மேலும் பழி போட முடியாது. மன்னித்துவிடு என்று எழுதக்கூட வெட்கமாக இருக்கிறது.

மச்சான் இப்போது கூடத்தில் உட்கார்ந்து தேநீர் குடிக்கிறார். குஞ்சுகளைத் துணி விரித்த டப்பாவில் வைத்து, மூடியில் காற்றோட்டத்துக்கு ஓட்டை போட்டிருக்கிறேன். “நீங்களும் வாங்க மாப்ள, நேர்ல பேசினா எல்லாம் சரியாயிடும்” என்றார். சட்டை மாற்றிக்கொண்டு, செருப்பும் மாட்டிவிட்டேன். அப்புறம் வாசலில் நின்று யோசித்தேன். உன் முகத்தைப் பார்த்தால் என் வாயில் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். இன்னும் ஒரு மாதம் யோசித்துப் பார் என்பேன். நீயும் பாவம் பார்த்துச் சரி என்பாய். செருப்பைக் கழற்றிவிட்டேன்.

வக்கீல் தாளில் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. டப்பாவோடு அதையும் அனுப்புகிறேன். எனக்கு உன் மேல் இருக்கிற ஆசை ஒரு துளியும் குறையவில்லை. அதை உன்னிடம் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது, ஆனால் அதற்காக நீ ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. பதில் போட வேண்டாம்.

நீ பொறுத்தது போதும், அம்மா.

ரொட்டிக்காரன்