மாத்திரைக்குப் பத்தியம்

கடலூர் ஓ.டி.
12.6.1964

அன்பு மச்சான் ஜமாலுதீனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். இங்க ஒரு குறையும் இல்லைன்னு எழுதத்தான் ஆசை. மீதியை நீங்களே படிச்சுக்குங்க.

பட்டணத்து ஆஸ்பத்திரியில கழுத்துக் கட்டிக்குக் கரண்டு வச்சு கதிர் வைத்தியம் முடிச்சு, மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. புத்துநோய்னு இப்பத்தான் வாய்விட்டுச் சொன்னாங்க. மாசாமாசம் போய் ரத்தம் கொடுத்து, எடை பார்த்துட்டு வரணும்.

நீங்க சிதம்பரத்துலேர்ந்து அனுப்புன வேர்ப்பொடி வந்துது. ஆனா உங்களுக்கு முன்னாடியே எங்க ஆசியா அக்கா மஞ்சக்குப்பத்து ஹக்கீம்கிட்ட லேகியம் வாங்கிட்டு வந்துட்டாங்க. எதிர்வீட்டு ஞானாம்பாள் அம்மா ஒரு சூரணம் கொடுத்தாங்க. பக்கத்துக் கடை மரியலூர்து கஷாயம் காய்ச்சித் தர்றான், குடிச்சா காது அடைக்குது.

ஒரு சந்தேகம் மச்சான். டாக்டர் மாத்திரைக்குப் பத்தியமே சொல்லலை. எல்லாம் சாப்பிடலாமாம். பத்தியம் இல்லாத மருந்து மருந்தா? மனசு கேக்காம முட்டையும் எண்ணெயும் நானே நிறுத்திட்டேன்.

துஆ செய்யுங்க.
அப்துல் வதூது


சிதம்பரம்
18.6.1964

அருமை மச்சானுக்கு, ஸலாம். உங்க கடுதாசியப் படிச்சுட்டு சிரிக்கிறதா அழுவுறதான்னு தெரியலை. ஒரு வயித்துக்குள்ள எத்தனை வைத்தியரை உட்கார வச்சிருக்கீங்க? மத்ததையெல்லாம் நிறுத்துங்க. என் பொடியை மட்டும் விடாதீங்க, அது ரொம்ப நல்ல பொடி. அதுக்குப் புளி ஆவாது, ஞாபகம் இருக்கட்டும்.

தங்கச்சி மெகருன்னிசா ஒரு வரிகூட எழுதலை. என்னைய மறந்துட்டாளான்னு கேளுங்க.

ஜமாலுதீன்


கடலூர் ஓ.டி.
14.7.1964

மச்சான், ஸலாம். உங்க தங்கச்சி மறக்கலை. பேனாவை எடுத்தா அழுதுடறா, அதான்.

ஆஸ்பத்திரியில எடை பார்த்தாங்க, மளமளன்னு குறைஞ்சுபோச்சு. நோய் பரவுதோன்னு டாக்டர் முகமே மாறிடுச்சு. உடம்பு இப்படி இருந்தா மாத்திரை தாங்காதாம். அடுத்த வாரமே திரும்ப வரச் சொல்லியிருக்கார், நிறுத்துறதா வேணாமான்னு அப்பப் பார்ப்பாராம். நிறுத்திட்டா அப்புறம் என்னான்னு நான் கேக்கலை. எனக்குப் பயமா இருக்கு மச்சான்.

நல்லா சாப்பிடறீங்களான்னு கேட்டார். நல்லா சாப்பிடறேன்னுட்டேன். நாட்டு மருந்துன்னு சொன்னா கத்துவாரே! நெசம் என்னான்னா, லேகியத்துக்குப் பாலு தயிரு ஆவாது. சூரணத்துக்கு மீனு கறி ஆவாது. கஷாயத்துக்கு உப்பு ஆவாது. உங்க பொடிக்குப் புளி ஆவாது. மிச்சம் இருக்கிறது உப்பில்லாத கஞ்சிதான். நேத்து உங்க தங்கச்சி புள்ளைங்களுக்கு சங்கரா மீன் வறுத்தா. அடுப்பங்கரை வாசல்ல பூனையோட நானும் உட்கார்ந்திருந்தேன்.

எதை நிறுத்தச் சொல்றீங்க? அக்கா தினம் வந்து டப்பாவைத் திறந்து பார்க்கிறாங்க. வேணாம்னா அவுங்களையே வேணாம்னு சொன்ன மாதிரி முகம் வாடிப்போவும்.

வதூது


சிதம்பரம்
16.7.1964

என்னா மச்சான் இது! பட்டினி கிடந்து இளைச்சுட்டு, பழியை நோய் மேல போடுறீங்களா? புத்தி எங்க போச்சு?

முதல்ல என் பொடியைச் சாக்கடையில கொட்டுங்க. மனசு வலிக்குது, அது என் பாடு. அந்த டாக்டர்கிட்ட போய், தின்னது தின்னாதது எல்லாத்தையும் சொல்லுங்க. திட்டினா வாங்கிக்குங்க.

அக்கா கோவிச்சுப்பாங்கன்னு பயமா? நம்ம சனங்க மருந்து வேணாம்னாதான் கோவிச்சுக்குவாங்க. பத்தியம்னு சொல்லிப் பாருங்க, மறுபேச்சு இருக்காது. மாத்திரைக்குப் பத்தியம் இல்லையேன்னு ஏங்குனீங்களே, இந்தாங்க, நான் சொல்றேன்: சோறு, மீனு, முட்டை எல்லாம் ஆவும். வேற எந்த மருந்தும் ஆவாது. கடும் பத்தியம்!

நீங்க இல்லாம எனக்கு யாரு மச்சான் இருக்கா, சண்டை போட? சாப்பிடுங்க.

ஜமாலுதீன்


கடலூர் ஓ.டி.
24.8.1964

மச்சான், ஸலாம்.

போன மாசமே டாக்டர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். திட்டி முடிச்சுட்டு, வேற மருந்தே ஆவாதுங்கிற இந்தப் பத்தியத்தை யார் சொன்னதுன்னார். எங்க மச்சான்னேன். சிரிச்சுட்டார். இதையே நான் சொன்னா ஒருத்தரும் கேக்கிறதில்லையேன்னு வருத்தப்பட்டார். மாத்திரையை நிறுத்தாம, சாப்பிட்டுக் காட்டுங்கன்னு ஒரு மாசம் தவணை கொடுத்தார்.

அக்கா விஷயம் கேளுங்க. பத்தியம்னு சொன்னதும் லேகியத்தைத் தானே எடுத்துக்கிட்டுப் போய்ட்டாங்க. போற போக்குல உங்க தங்கச்சிக்கு ஒரு டோஸ், பத்தியத்தை ஒழுங்காப் பார்க்க மாட்டியான்னு! இப்ப தெருமுனையில யாராவது வேரோட வந்தா, ஞானாம்பாள் அம்மாவே மறிச்சு அனுப்பிடறாங்க. காய்ச்சுனது வீணாவக் கூடாதுன்னு மரியலூர்து அவன் கஷாயத்தை அவனே குடிச்சுட்டு, ரெண்டு நாள் கடை திறக்கலை.

நேத்து மறுபடி பட்டணம் போனோம். எடை ஏறியிருக்கு. கட்டியும் சின்னதாயிருக்குன்னு டாக்டர் தடவிப் பார்த்துச் சொன்னார். குணமாயிடும்னு சொல்லலை. நானும் கேக்கலை. மாத்திரையைத் தொடருங்க, இனி மாசாமாசம் வேணாம், பக்ரீத் முடிஞ்சதும் ஒரு தடவை வந்தாப் போதும்னார்.

பக்ரீத்துக்கு இன்னும் எத்தனையோ மாசம் இருக்கு மச்சான். வராந்தாவுக்கு வந்ததும் மெகருன்னிசா அத்தனை சனத்துக்கு நடுவுல என் கையைப் பிடிச்சுக்கிட்டா. ரயில் ஏறுற வரைக்கும் விடலை.

வதூது