மருந்துக்கடைக்காரரின் பதினேழு வருஷத்துக் கார்

என் கண்ணான பெரியவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் நம் வாலுக்குட்டியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவைத் தொடுகிறேன். இங்கே நாங்களும் அப்படியே, அப்பாவுக்கு இந்த மாதம் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, எனக்கு முழங்கால் படியேறும்போது மட்டும் முணுமுணுக்கிறது, மற்றபடி குறையில்லை. போனில் பேசினால் போதாதா, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போன் வந்தவுடனே அப்பா அதை ஸ்பீக்கரில் போட்டுக் கூடத்து மேஜையில் வைத்துவிடுகிறார், நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் அவர் இரண்டு பதில் சொல்லிவிடுகிறார். போன ஞாயிற்றுக்கிழமை கார் விஷயம் என்னம்மா ஆச்சு என்று நீ கேட்டாய், நான் "ஒண்ணும் ஆகல, வேணாம்னுட்டாங்க" என்றேன். அது என் பதில் இல்லை. என் பதிலை எழுதத்தான் இப்போது வேலையிடத்தில், மத்தியான இடைவேளையில், துணி மூட்டைகளுக்கு நடுவே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள், மடியில் வைத்து எழுதுகிறேன்.

எங்கள் குடியிருப்புக்கு வந்துகொண்டிருந்த பஸ் மழைக்காலத்தோடு நின்றுபோனது உனக்குத் தெரியும். அதற்கப்புறம் எதிர்வீட்டு நர்ஸ் பெண் தன் ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிவந்ததால்தான் ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் ஆறரை மணிக்கு என்னால் கையெழுத்துப் போட முடிந்தது. அவளுக்கு இப்போது மாற்றல் வந்துவிட்டது, இந்த மாதக் கடைசியில் கிளம்புகிறாள். வேறு பஸ் பிடிக்க வேண்டுமென்றால் லாரிகள் பறக்கிற பெரிய ரோட்டோரம் முக்கால் மணி நேரம் நடக்கவேண்டும், தினமும் டாக்சி என்றால் சம்பளத்தில் பாதி அதற்கே அழவேண்டும். ஆக, எனக்கென்று ஒரு வண்டி இல்லாவிட்டால் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் அந்த வீட்டில் நானும் உன் அப்பாவும், விடிந்தால் அடைந்தால் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்துக்கொண்டு. கண் மங்கி, இனிமேல் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லி அவர் பஸ் ஓட்டுகிற வேலையை விட்டு மூன்று வருஷம் ஆகிறது, இந்த மூன்று வருஷத்தில் அவர் கேட்டைத் தாண்டியதை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொள்வார். நான் காய் வாங்கப் போய்ப் பத்து நிமிஷம் தாமதமானால் ஏன் லேட் என்பார், சீக்கிரம் வந்தால் ஏன் அதுக்குள்ள வந்துட்ட என்பார். குளிக்கப் போனால்கூட கதவுக்கு வெளியே நின்று "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கேட்பார். குடிக்கிறாரா, இல்லை. கை நீட்டுகிறாரா, இல்லை. குரலை உயர்த்துவதுகூட இல்லை. அதனாலேயே யாரிடமும் போய் முறையிடவும் வாய் வரவில்லை. எனக்கு மூச்சு முட்டுகிறது கண்ணு. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன்.

அப்படியிருக்கும்போதுதான் முனையில் இருக்கும் மருந்துக்கடைக்காரர் மகள் வீட்டோடு போவதால் தன் காரை விற்கப்போவதாகச் சொன்னார். பதினேழு வருஷத்து வண்டி, சாம்பல் கலர், சின்னது. வீட்டுக்கும் கடைக்கும் தவிர அவர் அதை எங்கும் ஓட்டியதில்லை. பின்பக்கத்து இடது கண்ணாடி இறங்காது, ஓட்டுகிறவர் சீட்டில் பஞ்சு எட்டிப்பார்க்கிறது, கால்மிதியைத் தூக்கினால் தகட்டில் துரு. இவ்வளவும் பார்த்தும் எனக்கு அதன்மேல் ஆசை வந்துவிட்டது, என்னவோ போ. உன்னைப் பள்ளிக்கூடத்தில் விட நாலு வருஷம் கார் ஓட்டினேனே, அதற்கப்புறம் வண்டியே இல்லாமல் போனாலும் லைசென்ஸை மட்டும் விடாமல் புதுப்பித்துக்கொண்டே வந்திருக்கிறேன். அப்பாவிடம் சொன்னதும் அவர் மறுக்கவில்லை. "ஆசைப்பட்டு ஏமாந்துடாத, நம்ம கிரீஸைக் கூட்டிட்டுப் போய்ப் பார்த்துடுவோம்" என்றார். கிரீஸ் என்றால் அப்பாவோடு பஸ் ஷெட்டில் மெக்கானிக்காக இருந்தவர், இப்போது சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறார், நீயும் சின்ன வயதில் பார்த்திருக்கிறாய்.

சனிக்கிழமை காலை மூன்று பேரும் போனோம். நாங்கள் வரும்வரை எஞ்சினைத் தொடவே கூடாது என்று அப்பா முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார், பழைய வண்டியைக் குளிர்ந்திருக்கும்போது கிளப்பினால்தான் சாயம் வெளுக்குமாம். நான் பானெட்டில் கை வைத்துப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. சாவியைத் திருப்பினேன், இரண்டாவது திருப்பில் பிடித்துக்கொண்டது. ஒரு நிமிஷம் ஓடவிட்டு அணைத்தபின் கிரீஸ் எண்ணெய் ஊற்றுகிற மூடியைக் கழற்றி என் கையில் கொடுத்தார், நான் என் கைக்குட்டையில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். டார்ச் அடித்துப் பார்த்தார், மல்லாந்து படுத்து அடியில் பார்த்தார், எழுந்து அப்பா முகத்தைப் பார்த்தார், கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "வேணாம் அக்கா. கேஸ்கட் போயிருச்சு, எஞ்சினுக்குள்ள தண்ணி இறங்குது. எடுத்தீங்கன்னா மாசாமாசம் என் பட்டறையிலதான் வந்து நிப்பீங்க." மருந்துக்கடைக்காரருக்கு முகம் சுண்டிப்போனது. அப்பா ஒரு பெருமூச்சு விட்டார், அவ்வளவுதான். மறுநாள் நீயும் போனில், அப்பா முப்பது வருஷம் வண்டியோடு கிடந்தவர், அவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும், பேசாம வேலையை விட்டுட்டு ரெண்டு பேரும் நிம்மதியா இருங்கம்மா என்றாய். சரி சரி என்று வைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை இங்கே அழுக்குத் துணி இறக்க வந்த ஆம்புலன்ஸ் டிரைவர் தம்பியிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். அவர், "கேஸ்கட் போயிருந்தா மூடிக்கு அடியில வெள்ளையா நுரை மாதிரி அப்பிக்கிட்டு இருக்குமே, பார்த்தீங்களா?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. மூடியைப் பிடித்த அந்தக் கைக்குட்டை இன்னும் என் பைக்குள்தான் கிடந்தது. ஆபரேஷன் துணிகளில் ஓட்டை தேடுகிற வெளிச்ச மேஜை இங்கே இருக்கிறதே, அதன்மேல் விரித்துப் பார்த்தேன். இருபது வருஷமாகக் கறையைப் பார்த்து, இது ரத்தம், இது மருந்து, இதில் தண்ணீர் பட்டிருக்கிறது என்று சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். தண்ணீர் கலந்த எண்ணெய் துணியில் கறைக்கு வெளியே தனியாக ஓர் ஓரம் கட்டும். இது சுத்தமான கறுப்பு, ஓரமும் இல்லை, வெள்ளைப் பொட்டும் இல்லை.

சாயங்காலம் நர்ஸ் பெண்ணைப் பட்டறை வழியாகப் போகச்சொல்லி, கைக்குட்டையைக் கிரீஸ் முன்னால் நீட்டினேன். அவர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார். "மன்னிச்சிருங்க அக்கா. அண்ணன் முந்தின நாளே போன் பண்ணி, எதையாவது சொல்லிக் கழிச்சு விட்ருன்னாரு. வண்டி நல்லாத்தான் இருக்கு. அடித்தகட்டுக்கு வெல்டிங் வைக்கணும், டயர் நாலும் மாத்தணும், ரப்பர் எல்லாம் காஞ்சு கிடக்கு. அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் தாராளமா ஓடும், அதுக்கு மேல நான் கேரண்டி சொல்ல மாட்டேன்." இரண்டு வருஷம்! எனக்கு அதுவே பெரிய சொத்து.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கைக்குட்டையை அவர் முன்னால் மேஜையில் போட்டேன். அவருக்குச் சரியாகத் தெரியவில்லை, எடுத்து மோந்து பார்த்தார். முப்பது வருஷம் அந்த வாசனையிலேயே இருந்தவருக்கு நான் விளக்கம் சொல்லவேண்டியிருக்கவில்லை. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். கைக்குட்டையை நாலாக மடித்து மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "நர்ஸ் பொண்ணு போயிட்டா நீ வீட்ல இருப்பேன்னு நெனச்சேன். மாசக் கடைசி எப்ப வரும்னு நாள் எண்ணிக்கிட்டு இருந்தேன். நீ காலைல கதவைச் சாத்திட்டுப் போனா, திரும்ப நீ வந்து திறக்குற வரைக்கும் எனக்கு ஒரு மனுசக் குரல் கிடையாது." சொல்லிவிட்டு அழுதார். உன் அப்பா அழுது நான் பார்த்ததே இல்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அழுகிறவரை என்ன செய்வது? மாத்திரை எடுத்துக் கொடுத்தேன், தண்ணீர் கொடுத்தேன், இரண்டு பேரும் சாப்பிட்டோம். அவர் செய்தது அநியாயம்தான், ஆனால் பாவம், சொன்னதில் பொய்யில்லை. அவரை விட்டுவிட்டுப் போனால் மனசு அடித்துக்கொள்கிறது, கூடவே உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும்.

நேற்று மருந்துக்கடைக்காரரிடம் போய், நாங்கள் கூட்டிவந்த மெக்கானிக் சொன்னது தப்பு, உங்கள் வண்டியில் கோளாறு இல்லை, நான் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். வரும் சனிக்கிழமை சாவி தருகிறார். வெல்டிங் வேலைக்குக் கூலி வேண்டாம் என்று கிரீஸ் சொல்லியனுப்பியிருக்கிறார், வெட்கப்பட்டுத்தான். அப்பாவிடமும் சொன்னேன், அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வண்டி வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் கனவு காணவில்லை. மூன்று மணிக்கு வேலை விட்டால் மூன்றரைக்கு வாசலில் நிற்கவேண்டியவள்தான் நான், நாலு மணியானால் ஏன் லேட் என்ற கேள்வி காத்திருக்கும். கட்டியிருக்கிற கயிறு கொஞ்சம் நீளும், அவ்வளவே.

உன்மேலும் எனக்குக் கோபம் உண்டு, மறைக்காமல் சொல்கிறேன். எல்லாரும் வண்டியைப் பற்றிக் கேட்டீர்கள், எஞ்சின் எப்படி, டயர் எப்படி என்று. எனக்கு இந்த வேலை எவ்வளவு முக்கியம் என்று ஒருத்தர்கூட என்னைக் கேட்கவில்லை, நீயும் கேட்கவில்லை. தூரத்தில் இருந்துகொண்டு அப்பாவைப் பார்த்துக்கோம்மா என்று சொல்வது சுலபம். அவர் எனக்குப் புருஷன் என்றால் உனக்கு அப்பா இல்லையா?

மாப்பிள்ளையை அலைச்சலைக் குறைத்துக்கொள்ளச் சொல், வாலுக்குட்டிக்கு என் முத்தங்கள், மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள். ஒன்றே ஒன்று கேட்கிறேன். இங்கே காலை பதினொரு மணி என்றால், அந்த நாட்டுக் கணக்கில் உனக்கு அது ரயிலில் நின்றுகொண்டு வேலைக்குப் போகிற நேரம். வேலை நாளில் தினமும் அந்த நேரத்தில் அப்பாவுக்குப் போன் செய், பத்து நிமிஷம். பேச ஒன்றும் இல்லையென்றால் பழைய காருக்கு என்ன எண்ணெய் ஊற்றவேண்டும் என்று கேள், அவரே உன்னை விடமாட்டார். உன்னால் முடியாது என்றால் அதையும் எழுது, தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் வேலையை விட்டுவிடு என்று மட்டும் இனிமேல் என்னிடம் சொல்லாதே. இந்தக் கடிதம் உன் கைக்கு வர பத்து நாள் ஆகும், அதற்குள் நான் வண்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போக ஆரம்பித்திருப்பேன். நீ படித்த மறுநாள் பதினொரு மணிக்கு நம் வீட்டில் போன் அடிக்கவேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா