துப்பாக்கிக் கொக்கி வைத்த கட்டில்

5 ஆகஸ்ட் 2024, திங்கள்
படை முகாமுக்கு நாற்பது மடக்குக் கட்டில் வேண்டுமாம். கொள்முதல் விதிகள் நூற்றுப் பன்னிரண்டு பக்கம். முழுக்கப் படித்தேன். காரைக்காலில் வேறெந்தப் பட்டறைக்காரன் படித்திருப்பான்? பச்சை வண்ணம், தலைமாட்டில் துப்பாக்கி மாட்ட ஒரு கொக்கி. என் சொந்த யோசனை. இந்த ஆர்டர் கிடைக்காவிட்டால் இந்த மாதத்தோடு பட்டறைக்குப் பூட்டு.

7 ஆகஸ்ட், புதன்
முகாம் அலுவலக குமாஸ்தா தெட்சிணாமூர்த்தி கொக்கியையே பார்த்தார். "பொதுமக்கள் கடையில வாங்குற பொருளாத்தான் இருக்கணும் சார். படைக்குன்னே செஞ்சதுன்னா டெல்லி வரைக்கும் போவணும். கொக்கிய எடுத்துடுங்க."
முடியாது என்றேன்.
"அப்ப இதே கட்டில சாதாரண ஜனங்க மூணு பேர் வாங்குன பில் கொண்டாங்க. பதினாறாந் தேதிக்குள்ள."
மூன்று பேரா? நான் பேசுகிறவர்களே இரண்டு பேர். அதில் ஒருத்தி என் மனைவி ஆக்சிலியா.

10 ஆகஸ்ட், சனி
எதிர்வீட்டு சில்வியாவோடு ஒன்பது வருஷமாகப் பேச்சில்லை. (அவள் தென்னை, என் கூரை.) இன்று பேசினேன்.
"எங்க வீட்ல துப்பாக்கி இல்லிங்களே. குடைதான் இருக்கு."
"குடையும் தாங்கும்."
வாங்கிக்கொண்டாள்.

12 ஆகஸ்ட், திங்கள்
சுரக்குடி தையல்நாயகி ஒன்று வாங்கினார். படுத்திருக்கும் கணவருக்கு குளுக்கோஸ் பாட்டில் மாட்டவாம். நல்ல யோசனை. எனக்குத் தோன்றாமல் போனதில் எரிச்சல்.

13 ஆகஸ்ட்
மூன்றாவது ஆள் இல்லை.

14 ஆகஸ்ட், புதன்
சந்தனசாமி வந்தார். ஆக்சிலியாவின் அண்ணன். பதினோரு வருஷத்துக்கு முன் தன் திருநள்ளாறு லாட்ஜ் திறப்பு விழாவில், அத்தனை பேர் முன்னால், "எங்க மாப்ள, வெல்டிங் பண்றாரு" என்று அறிமுகப்படுத்தினார். நான் பொருளாதாரத்தில் எம்.ஏ. அதைச் சொன்னால் வாய் வலித்துவிடுமா? அன்றிலிருந்து அவர் எனக்கு யாரோ.
"தங்கச்சி போன் பண்ணுச்சு. ஒரு கட்டில் குடுங்க மாப்ள."
"பில்லோடதான்."
"சரிங்க முதலாளி."
நான் சிரிக்கவில்லை.

16 ஆகஸ்ட், வெள்ளி
படிவத்தில் கடைசிக் கேள்வி: வாங்கியவர் உறவினரா? இல்லை என்று எழுதியிருந்தேன். மனதறிந்த உண்மை அது.
"உங்க மச்சான்தானே சார் இவரு?" என்றார் தெட்சிணாமூர்த்தி.
"பேச்சுவார்த்தை கிடையாது."
"பேசாட்டியும் மச்சான் மச்சான்தான். சொந்தக்காரங்க பில் செல்லாதுன்னு விதி இருக்கே, நீங்கதான் முழுசா படிச்சீங்களே."
தொண்ணூற்றேழாம் பக்கம். படித்தேன்தான் — அந்த ஆளை நினைத்தா படித்தேன்? பதினோரு வருஷமாக நான் மறுத்ததை அரசாங்கம் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்துவிட்டது. ஆர்டர் போயிற்று.

19 ஆகஸ்ட், திங்கள்
சந்தனசாமி போன். சனிக்கிழமை லாட்ஜில் அந்தக் கட்டிலில் படுத்தவர் கொக்கியில் பையை மாட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கினாராம். முப்பது கட்டில் வேண்டும், பச்சை வேண்டாம் என்றார். யோசிக்க வேண்டும் என்றேன்.

20 ஆகஸ்ட்
யோசித்தாயிற்று. வெள்ளை பெயின்ட் வாங்கினேன்.

25 ஆகஸ்ட், ஞாயிறு
பூசை முடிந்து ஆக்சிலியாவும் நானும் மச்சான் வீட்டில் சாப்பிட்டோம். மீன் குழம்பில் உப்பு அதிகம். சொல்லவில்லை.