மாத்திரை வேலை செய்கிற வரைக்கும்

மண்ணூர்
12.8.1983

அன்பு மகள் லீலாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், பம்பாய் மழையில் நீயும் சுகமாக இருக்க வல்லக்கோட்டை முருகன் துணை. உன் அண்ணன் நடேசன் இப்போது தேறிவிட்டான் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பதறாமல் மேலே படி.

சித்திரையிலிருந்தே அவன் சரியாக இல்லை, ஷிப்டுக்குப் போகாமல் சுவரைப் பார்த்தபடியே படுத்துக் கிடந்தான். காத்து கருப்பு என்றார்கள் ஊரில். உன் அண்ணி கங்கா யார் பேச்சையும் கேட்காமல் பட்டணத்துக்கு பஸ் ஏற்றி மனநோய் டாக்டரிடம் கூட்டிப்போனாள். இது மனச்சோர்வு, மாத்திரை வேலை செய்ய மூன்று நாலு வாரம் ஆகும், அதுவரை தனியாக விடாதீர்கள் என்றார் அவர். நல்லது தெரிவதற்கு முன்னால் கெடுதல்தான் வந்தது, நாக்கு வறண்டு ஒட்டிக்கொண்டது, வெளிக்குப் போகவில்லை, எழுந்தால் தலை சுற்றியது. இத்தத் தின்னு இன்னா ஆச்சு, வாய்தான் காஞ்சி போவுது என்று மாத்திரையைக் கொல்லையில் வீசிவிட்டான். அன்று சாயந்திரம் பார்த்தால் பம்புசெட்டுக் கிணற்று விளிம்பில் உட்கார்ந்திருக்கிறான். கங்கா கத்தவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு, நீ குந்திக்கினு இரு, நானும் இங்கியே கீறேன், சோறு ஆறினா ஆறட்டும் என்றாளாம். விளக்கு வைப்பதற்குள் இரண்டு பேரும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

மறுநாளே டாக்டரிடம் போனோம், அளவைக் குறைத்துப் படுக்கும்போது போடச் சொன்னார். வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்தை அப்பா பக்கத்து வீட்டு யாக்கோபுவிடம் கொடுத்து வைத்துவிட்டார். மாத்திரையை கங்காவே கையில் கொடுத்து, விழுங்கும்வரை நின்று, வாய் வறட்சிக்கு மோர் கரைத்துக் கொடுத்து அந்த வாரங்களைக் கடத்தினாள். போன செவ்வாய்க்கிழமை அவர்கள் குழந்தை அழுதது, இன்னாத்துக்கு அழுவுது, இப்டிக் குடு என்று அவனாகக் கை நீட்டினான். கங்கா அடுப்படிக்குப் போய் அழுதாள், நானும்தான்.

நீ போன கடிதத்தில், இதே மனச்சோர்வுக்குச் சீக்கிரம் கேட்கிற, உடம்பைப் படுத்தாத மருந்தைத் தேடுகிறோம், எலிக்குக் கொடுத்துப் பார்த்ததெல்லாம் வீணாகப் போகிறது, இந்த ஆராய்ச்சியை விட்டுவிடலாமா என்று எழுதியிருந்தாய். உன் இஷ்டம்தான் அம்மா. ஆனால் உன் அண்ணனுக்கு ஒரு கங்கா இருந்தாள், எல்லா வீட்டிலும் இருக்க மாட்டாள். அதை நினைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்.

நேரத்துக்குச் சாப்பிடு, நீண்ட ஆயுசோடு நன்றாக இரு. அண்ணிக்குத் தனியாக நாலு வரி எழுத மறக்காதே, அவள் எப்படி இருக்கிறாள் என்று இதுவரை ஒருத்தரும் கேட்கவில்லை.

உன் அம்மா,
பாப்பம்மாள்