பொலைட்டுக்கும் கைண்டுக்கும் நடுவில்

இன்று காலை விருதுநகர் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் ஒரு பெண், கைப்பேசியைப் பார்த்து மெல்லிய குரலில் ஆங்கிலம் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தாள். "ஐ ஆம் ஸோ ஸாரி டு ஹியர் தட்." வெளிநாட்டு நர்ஸ் வேலைக்கான பரீட்சை. நீ நீட்டி இழுக்கும் அதே சொல்லில் அவளும் இழுத்தாள். நாம் வேலை பார்த்த ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் இறங்க மறந்து, தாண்டிப் போய்விட்டேன்.

நீயும் அப்படித்தான் படித்தாய். திருத்தங்கலில் ஏறி, ஆமத்தூரில் ஏறும் எனக்கு இடம் பிடித்து வைத்திருப்பாய். உட்காருவதற்குள் கேள்வி கேட்பாய். ஒருநாள் அலுத்துப்போய்க் கேட்டேன்: "பொலைட்டு, கர்ட்டியஸ், கைண்டு... எல்லாம் மரியாதைதானடி? எதுக்கு இம்புட்டு வார்த்தை?"

"இல்ல புள்ள. பொலைட்டா இருக்க அந்தாளு மேல பிரியம் வேண்டாம். கைண்டா இருக்கணும்னா வேணும்."

"அப்ப கர்ட்டியஸ்?"

"அதுவும் பொலைட்டுதான். கொஞ்சம் பவுடர் பூசிருக்கு."

ஜென்டில் என்ற சொல்லுக்கு மட்டும் நீ விளக்கம் சொன்னதில்லை. தீக்காய வார்டில் நீ கட்டுப் பிரிப்பதைப் பார்த்தவர்களுக்கு அது தேவையில்லை.

விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் வெடித்த அன்று வந்த பெண்ணை நினைத்துக்கொள்கிறேன். அவளும் தங்கையும் ஒரே அறையில் வேலை பார்த்தவர்கள். தங்கை அங்கேயே போய்விட்டாள். இவளுக்குச் சொல்ல வேண்டாம் என்று எங்களுக்கு உத்தரவு.

"சிஸ்டர், எந் தங்கச்சி எங்கன இருக்கா?"

"மதுரைக்கு அனுப்பிருக்கோம்மா. நல்லாப் பாத்துக்கிடுறாக. நீங்க தூங்குங்க."

எல்லோரும் இதையே சொன்னோம், 'அம்மா' போட்டு, 'ங்க' போட்டு. நீதான் அவள் கட்டிலருகே முட்டுக்கால் போட்டு உட்கார்ந்து, வேகாத இரண்டு விரல்களைப் பிடித்துக்கொண்டு சொன்னாய்: "தங்கச்சி இல்லக்கா."

அவள் போட்ட சத்தத்தில் வார்டே எழுந்து உட்கார்ந்தது. தலைமை நர்ஸ் உன்னை எல்லோர் முன்னாலும் திட்டினார்.  வெளியே வந்து என்னிடம் மட்டும் சொன்னாய்: "அவளுக்குத் தெரியும்டி. தெரிஞ்சத ஒத்தையில வச்சுக்கிட்டுக் கெடந்தா."

பரீட்சையில் தேறினாய். பயணத்துக்குப் பெட்டி வாங்கிய மாதத்தில்தான் வயிற்றுவலி தொடங்கியது. மதுரை டாக்டர் உன்னிடம் வெறும் அல்சர் என்று சிரித்துப் பேசிவிட்டு, உன் அம்மாவைத் தனியே கூப்பிட்டார். முற்றிய புற்று. உன் அம்மா என் இரு கைகளையும் பிடித்துக்கொண்டார். "அவகிட்ட ஒண்ணும் சொல்லிராத தாயி. இருக்குற வரைக்கும் சிரிச்சுக்கிட்டு இருக்கட்டும்." நான் சரியென்று தலையை ஆட்டினேன்.

அதற்கடுத்த வாரம், உன் அம்மா ஜெபத்துக்குப் போயிருந்தபோது, நீ கேட்டாய். "அல்சருக்கு இம்புட்டு மருந்து கெடையாது. நீ சொல்லு."

சொன்னேன். உன்னைப் போலவே உன் விரல்களைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். நீ சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய். சுவரைப் பார்த்தபடியே, "நீ சொல்லாம இருந்திருக்கலாம்டி" என்றாய். ஆனால் விரல்களை உருவிக்கொள்ளவில்லை.

இந்த இரண்டில் எதை நான் நம்புவது? நீ சொன்னதையா, உன் விரல்களையா? அன்று நான் செய்ததற்கு எந்தச் சொல் பொருந்தும் என்று கேட்க நீ இல்லை.

நான் சொன்னதற்கு மறுநாள் நீ உன் அம்மாவிடம், சவப்பெட்டியில் வைக்கும்போது எந்தச் சேலை கட்ட வேண்டும் என்று சொல்லியிருக்கிறாய். அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது, நான் சொல்லிவிட்டேன் என்று. என்னிடம் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

முன்பெல்லாம் உன் வீட்டு வாசலில் என் செருப்புச் சத்தம் கேட்டாலே உள்ளிருந்து அதட்டுவார்: "ஏட்டி, சாப்பிடாமத்தான வந்துருப்ப? வந்து தட்ட எடு." இப்போது எழுந்து நின்று வரவேற்கிறார். "வாங்க. நல்லா இருக்கீகளா? வீட்ல எல்லாரும் சொகமா?" நாற்காலியைத் துடைத்துப் போடுகிறார். காப்பியைத் தட்டில் வைத்து நீட்டுகிறார். ஒரு குறை சொல்ல முடியாது. 

ஆனாலும் மாதம் ஒருமுறை திருத்தங்கலில் இறங்கிப் போகிறேன். என்றைக்காவது ஒருநாள் அவர் என்னை 'ஏட்டி' என்று கூப்பிட்டு, ஏன் சொன்னாய் என்று வாய்நிறையத் திட்டிவிட மாட்டாரா என்றுதான்.